வார்டில் துணைக்கு இருப்பவர்களுக்கு: பார்த்ததை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது?

நோயாளிக்குத் துணையாக வார்டில் தங்குபவருக்கு வேலைக்குக் குறைவே இல்லை. சீட்டை எடுத்துக்கொண்டு பார்மசிக்கு ஓட வேண்டும், ரத்த சாம்பிளை லேபில் கொடுத்துவிட்டு வர வேண்டும், ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் தேட வேண்டும், நடுவில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனில் நிலவரம் சொல்ல வேண்டும். இவற்றைப் பக்கத்துப் படுக்கைக்காரர்களே சொல்லித் தந்துவிடுவார்கள். நோயாளியிடம் கண்ட மாற்றத்தையும் கவனிப்பில் பட்ட குறையையும் டாக்டரிடமும் நர்சிடமும் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் பலர் பேசாமல் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுமை தீர்ந்த நாளில் சத்தம் போடுகிறார்கள். இரண்டாலும் நோயாளிக்குப் பலன் இல்லை.

முதல்முறையாக ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கப் போகிறவர்களுக்காக, தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளிலும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உள்ள நடைமுறையை வைத்து இதை எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்தது வார்டுக்குத் தெரியாது

டாக்டர் ரவுண்ட்ஸில் வந்து நோயாளியைப் பார்ப்பது சில நிமிடங்கள். நர்ஸ் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறுவார், அவர் பொறுப்பில் ஏகப்பட்ட படுக்கைகள் இருக்கும். உங்கள் அப்பா வழக்கமாக எப்படிப் பேசுவார், எவ்வளவு சாப்பிடுவார், எந்த வலிக்கு முனகுவார், எதைச் சொல்லாமல் மறைப்பார் என்பது அங்கே உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதர் சாயங்காலத்திலிருந்து மகளைத் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், போர்வையைப் பிய்க்கிறார் என்றால், அவரை முதன்முதலாகப் பார்க்கும் நர்சுக்கு அது வயதான ஒருவரின் தடுமாற்றமாகத்தான் தெரியும். திடீர்க் குழப்பம் என்பது தொற்று, உப்புச் சத்துக் குறைவு, சுகர் இறங்கியது, புது மருந்து ஒத்துக்கொள்ளாதது என்று பலவற்றின் அறிகுறி. ‘நேற்றுவரை இப்படி இல்லை’ என்று நீங்கள் சொன்னால்தான் அது அவர்களுக்கு அறிகுறியாகத் தெரியும்.

இதை இப்போது சில நாடுகள் விதியாகவே கொண்டுவந்துவிட்டன. இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி 2021-இல் ரத்தத்தில் பரவிய தொற்றால் இறந்துபோனாள். நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னதை வார்டில் எடுத்துக்கொள்ளவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு முன்பே மாற்றியிருந்தால் அவள் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று விசாரணையில் தெரியவந்தது. குடும்பத்தார் கவலைப்பட்டால் வேறொரு தீவிர சிகிச்சைக் குழு வந்து உடனே பார்க்க வேண்டும் என்ற ‘மார்த்தா விதி’ 2024 முதல் அங்குள்ள அரசு ஆஸ்பத்திரிகளில் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் அப்படி ஒரு விதி இல்லை. ஆகவே நாம்தான் முறையாகச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு சின்ன நோட்டு

சட்டைப் பையில் அடங்குகிற நோட்டு போதும். முதல் பக்கத்தில் நோயாளியின் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளிப் பதிவு எண்), வார்டு, படுக்கை எண், யூனிட் சீஃப் (டாக்டர் குழுவின் தலைவர்) அல்லது பொறுப்பு டாக்டரின் பெயர். இரண்டாம் பக்கத்தில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்துகள், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரம். சித்தா, ஆயுர்வேதம், நாட்டு மருந்து ஏதாவது எடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைக்கிறார்கள், மறைக்கக் கூடாது.

அதற்கப்புறம் நாள்வாரியாகப் பார்த்ததை எழுத வேண்டும். பெரிய விவரிப்பு வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

‘காலை 6.30: யூரின் பேக் மாற்றினார்கள். 11.00: பேக்கில் கொஞ்சமும் சேரவில்லை. அடிவயிறு இறுக்கமாக இருக்கிறது என்கிறார். 11.10: சிஸ்டரிடம் சொன்னேன். 11.40: டியூட்டி டாக்டர் வந்து குழாயைக் கழுவிவிட்டார். 12.15: யூரின் வந்தது.’

இதில் யார் மேலும் குறை இல்லை, கோபம் இல்லை. ஆனால் அடுத்த ஷிப்டில் மறுபடியும் அதே அடைப்பு வந்தால் ‘காலையிலும் இப்படி ஆச்சு, 11.40-க்குக் கழுவி விட்டாங்க’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இரவு துணைக்கு வரும் தம்பிக்கோ சித்திக்கோ அதே நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம். பெண்கள் வார்டில் இரவு தங்கப் பெண்களை மட்டும்தான் விடுவார்கள் என்பதால் பகலில் மகன், இரவில் மருமகள் என்று ஆள் மாறுவது சகஜம். நோட்டு இல்லாவிட்டால் பாதித் தகவல் அந்த மாற்றத்திலேயே காணாமல் போய்விடும்.

எதை உடனே, எதைக் கொஞ்சம் பொறுத்து

சில விஷயங்களுக்கு நேரம் காலம் பார்க்கக் கூடாது. மூச்சு வாங்குவது, கூப்பிட்டால் கண் திறக்காதது, நெஞ்சுவலி, வலிப்பு, பேச்சு குளறுவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, ரத்தப்போக்கு, ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, சுகர் நோயாளிக்குத் திடீர் வியர்வையும் நடுக்கமும். இவற்றில் எது தெரிந்தாலும் நேராக நர்ஸ் மேசைக்குப் போய்ச் சொல்லுங்கள். யாராவது அந்தப் பக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் சிஸ்டர் வேறொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும் குறுக்கே சொல்லலாம், தப்பில்லை.

ட்ரிப்ஸ் ஏறும் கை வீங்குவது, காய்ச்சல் ஏறுவது, வாந்தி, வலி மாத்திரை போட்டும் வலி குறையாதது, முதுகிலோ குதிகாலிலோ தோல் சிவந்து படுக்கைப்புண் தொடங்குவது போன்றவற்றை அந்த ஷிப்டுக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். சாப்பாடு ஆறிப்போய் வருகிறது, பாத்ரூம் சுத்தமில்லை, செக்யூரிட்டி மரியாதையில்லாமல் பேசுகிறார், பில்லில் கணக்கு இடிக்கிறது என்பவை வேறு வகை. இவை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவற்றை டாக்டரின் ரவுண்ட்ஸில் கொட்டினால், சிகிச்சை பற்றிக் கேட்க வேண்டிய அந்தச் சில நிமிடங்கள் இதிலேயே போய்விடும்.

யாரிடம் சொல்வது

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால், படுக்கைக்குப் பக்கத்தில் அடிக்கடி வருவது ஹவுஸ் சர்ஜனும் (பயிற்சி டாக்டர்) பி.ஜி. டாக்டரும் (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்). அன்றாட விஷயங்களுக்கு அவர்களே சரியான ஆட்கள், மேலே கொண்டுபோவதும் அவர்களே. அவர்களுக்கு மேல் உதவிப் பேராசிரியர், யூனிட் சீஃப். நர்சுகளில் ஸ்டாஃப் நர்ஸ், வார்டு பொறுப்பு சிஸ்டர், அவர்களுக்கு மேல் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட். வார்டின் நிர்வாகக் குறைகளுக்கு நிலைய மருத்துவ அலுவலர் இருக்கிறார், ஆர்.எம்.ஓ. ரூம் எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கடைசிப் பொறுப்பு கல்லூரித் தலைவரான டீன். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, தாலுகா ஆஸ்பத்திரி என்றால் டீன் இல்லை. தலைமை மருத்துவர் அல்லது கண்காணிப்பாளர், அவர்களுக்கு மேல் மாவட்டத்தின் நலப்பணிகள் இணை இயக்குநர்.

தனியாரில் டியூட்டி டாக்டர், நர்சிங் இன்சார்ஜ், அப்புறம் சிகிச்சைக்குப் பொறுப்பான சிறப்பு டாக்டர், அதாவது கன்சல்டன்ட். நிர்வாகத்துக்கு ஃப்ளோர் மேனேஜர், பி.ஆர்.ஓ. என்று ஏதோ ஒரு பெயரில் ஒருவர் இருப்பார். சேர்ந்த அன்றே ‘ராத்திரி ஏதாவதுன்னா யார்கிட்ட சொல்லணும் சிஸ்டர்?’ என்று கேட்டுப் பெயரை நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சொல்வது

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்தப் படுக்கை என்று தொடங்குங்கள். என்ன பார்த்தீர்கள், எப்போதிலிருந்து என்று சொல்லுங்கள். வழக்கத்திலிருந்து எப்படி மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள். கடைசியாக, என்ன வேண்டும் என்று கேளுங்கள். நான்கும் சேர்ந்து அரை நிமிடம் ஆகாது. உதாரணத்துக்கு:

‘சிஸ்டர், 14-ஆம் பெட். அம்மாவுக்கு ஏழரைக்கு இன்சுலின் போட்டீங்க. இன்னும் டிபன் வரல, மணி எட்டே கால். இப்போ கை நடுங்குது, வேர்க்குது. வீட்டுல சுகர் இறங்குனா இப்படித்தான் ஆகும். ஒரு தடவை சுகர் பார்த்துடுறீங்களா?’

இதையே ‘என்ன சிஸ்டர், அம்மாவ யாருமே கவனிக்க மாட்டேங்கிறீங்க’ என்று சொல்லியிருந்தால், சிஸ்டர் முதலில் தன் வேலையைத்தான் நியாயப்படுத்துவார். சுகர் பார்ப்பது தள்ளிப்போகும். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கலாம். அந்த நேரத்தில் வேண்டியது சுகர் மெஷின்.

பார்த்ததைச் சொல்லுங்கள், நோயின் பெயரை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். ‘நிமோனியாவா இருக்கும் டாக்டர், யூடியூபில் பார்த்தேன்’ என்பதைவிட ‘நேத்து ராத்திரியிலிருந்து இருமும்போது மஞ்சளா சளி வருது, படுத்தா மூச்சு வாங்குது’ என்பது டாக்டருக்கு ஆயிரம் மடங்கு உதவும். சளியின் நிறம், மலத்தின் நிறம், வாந்தியில் என்ன இருந்தது என்பதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

மருந்தில் சந்தேகம் வந்தால் கட்டாயம் கேளுங்கள். ‘இது எதுக்கு சிஸ்டர்? காலையில இதே கலர் மாத்திரை ஒண்ணு குடுத்தாங்களே’ என்று கேட்பது அவமரியாதை ஆகாது. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு முறை போவதும், ஒத்துக்கொள்ளாத மருந்து கைதவறி வருவதும் எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடியவை. ஒத்துக்கொள்ளாத மருந்தை அட்மிஷனில் சொல்லியாகிவிட்டது என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு புது ஊசிக்கும் முன்னால் மறுபடி சொல்லுங்கள். நல்ல நர்சுகள் இதற்குக் கோபப்படுவதில்லை, நன்றி சொல்வார்கள்.

டாக்டர் சொன்னது புரிந்ததா என்று பார்க்க எளிய வழி, அதைத் திருப்பிச் சொல்வது. ‘அப்போ இன்னிக்கு ராத்திரி 10 மணிக்கு மேல தண்ணிகூட குடுக்கக் கூடாது, காலையில பிரஷர் மாத்திரை மட்டும் ஒரு வாய்த் தண்ணியில குடுக்கணும், சரியா டாக்டர்?’ தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.

நேரமும் பார்க்க வேண்டும். காலை ரவுண்ட்ஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்னால் கேட்க வேண்டியவற்றை மூன்றாகக் குறுக்கிக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறும்போது நர்சுகள் பொறுப்பு ஒப்படைத்துக்கொண்டிருப்பார்கள், அவசரமில்லாததை அப்போது சொன்னால் காதில் ஏறாது. குடும்பத்தில் ஒருவர்தான் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் வந்து ஒன்று கேட்டு, மாமா போனில் ஒன்று கேட்டு, அத்தை வந்து வேறொன்று கேட்டால் டாக்டர் எல்லோரிடமும் பேச்சைக் குறைத்துவிடுவார்.

நோயாளியை விட்டுவிட்டுப் பேசாதீர்கள்

அவர் நினைவோடு இருக்கிறார் என்றால், ‘இதை டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?’ என்று முதலில் அவரைக் கேளுங்கள். உடம்பு அவருடையது. மாமியாருக்குச் சிறுநீர்க் குழாயில் (கதீட்டர்) எரிச்சல் என்றால் மகன் வார்டு நடுவில் நின்று உரக்கச் சொல்வதைவிட, மருமகள் போய் சிஸ்டரிடம் மெதுவாகச் சொல்வது அவருக்கு நிம்மதி. ‘வலியா? அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று டாக்டர் வந்ததும் சிரித்துச் சமாளிக்கிற பெரியவர்கள் நம் வீடுகளில் நிறைய. அப்படிப்பட்டவர் முன்னால் ‘பொய் சொல்றார்’ என்று மறுக்காமல், ‘ராத்திரி மூணு தடவ எழுந்து உட்கார்ந்தார் டாக்டர்’ என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்றால்

இரண்டாம் முறை சொல்லும்போது நேரத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘பதினொன்னு பத்துக்குச் சொன்னேன் சிஸ்டர், இப்போ பன்னிரண்டு ஆகுது, வலி கூடியிருக்கு.’ அப்போதும் நகரவில்லை என்றால் டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ‘நான் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் எழுதிடுங்க’ என்று, நோயாளியின் சிகிச்சைப் பதிவில் எழுதும்படி பணிவாகக் கேட்பதற்கு ஒரு பலம் உண்டு. எழுத வேண்டி வரும்போது யாரும் ஒருமுறை வந்து பார்த்துவிடுவார்கள். அதற்கு மேல் வார்டு பொறுப்பு சிஸ்டர், ஆர்.எம்.ஓ., தனியாரில் கன்சல்டன்ட், நிர்வாகம். உயிர் போகிற அவசரத்தில் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம், யார் பெரியவரோ அவரிடமே போங்கள்.

‘சொன்னால் அப்பாவைச் சரியாகப் பார்க்க மாட்டார்களோ’ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அது வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன், முகம் சுளிக்கிற ஊழியர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பார்த்ததைத் தகவலாகச் சொல்கிறவர்களையும், ஆளைக் குற்றம் சாட்டுகிறவர்களையும் வார்டில் உள்ளவர்கள் நன்றாகவே பிரித்துப் பார்க்கிறார்கள். இருபது படுக்கையை ஓடி ஓடிப் பார்க்கிற நர்சிடம் ‘உங்களுக்கு வேலை அதிகம்னு தெரியுது சிஸ்டர், இது ஒண்ணு மட்டும்’ என்று தொடங்கினால் கதவு திறக்கும். மாறாக, செல்போனை நீட்டி வீடியோ எடுப்பதும், ஆட்களைக் கூட்டிவந்து மிரட்டுவதும் சிகிச்சையை நிறுத்திவிடும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவது, ஆஸ்பத்திரிப் பொருள்களை உடைப்பது ஆகியவை 2008-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டப்படி ஜாமீனில் வெளிவர முடியாத குற்றங்கள்.

எழுத்தில் கொடுப்பது

வாயால் சொல்லித் தீராததை எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெறுநர், நோயாளியின் பெயர், ஐ.பி. எண், தேதி, நேரம், நடந்தது, யாரிடம் சொன்னீர்கள், என்ன ஆனது, இப்போது என்ன செய்யச் சொல்கிறீர்கள். ‘அலட்சியம்’, ‘மனிதாபிமானமே இல்லை’ போன்ற சொற்களை எடுத்துவிட்டு ‘இரவு 9 முதல் 12.30 வரை மூன்று முறை கூப்பிட்டும் யாரும் வந்து பார்க்கவில்லை’ என்று எழுதினால் கடிதத்துக்குக் கனம் கூடும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு ஆஸ்பத்திரி பற்றிய குறைகளை 104 என்ற எண்ணில் சொல்லலாம், மருத்துவ ஆலோசனையும் அதே எண்ணில் கிடைக்கும். அரசிடம் குறை சொல்வதற்கான ‘முதல்வரின் முகவரி’ உதவி மையத்தின் எண் 1100. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கும்போது தனியாக பணம் கேட்டால் 1800 425 3993. ஸ்ட்ரெச்சர் தள்ளவும் குழந்தையைக் காட்டவும் காசு கேட்டால் ஆர்.எம்.ஓ.விடம் சொல்லுங்கள், லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் போகலாம். தனியார் ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்து கண்காணிக்கும் பொறுப்பு மாவட்ட அளவில் நலப்பணிகள் இணை இயக்குநரிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கென்று 1997-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. டாக்டரின் தொழில் நடத்தை பற்றிய புகார் என்றால் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில்.

உள்நோயாளியின் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்கும் உரிமையும், குறையைச் சொல்லித் தீர்வு பெறும் உரிமையும் இருக்கின்றன. கட்டணம் வாங்கும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. அந்த அளவுக்குப் போக நேர்ந்தால், முதல் நாளிலிருந்து நேரம் போட்டு எழுதிய நோட்டு பெரிய ஆதாரமாக நிற்கும். ஆனால் நோட்டை அதற்காக எழுத வேண்டாம், நோயாளிக்காக எழுதுங்கள்.

நல்லதையும் பெயர் சொல்லி எழுதுங்கள்

இதை மரியாதைக்காகச் செய்ய வேண்டிய வேலையாக நினைக்காதீர்கள். ‘எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்’ என்று எழுதினால் அது யாருக்கும் போய்ச் சேராது. ‘இரவு ஷிப்டில் இருந்த சிஸ்டர், மூக்குக்குழாயில் கஞ்சி கொடுக்கும்போது தலைமாட்டை உயர்த்தி வைக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் செய்து காட்டினார்’ என்று அவர் பெயர், தேதியோடு நர்சிங் சூப்பரின்டெண்டென்டுக்கு எழுதினால், அந்தப் பழக்கம் மற்ற ஷிப்டுக்கும் போக வழி பிறக்கும். தனியாரில் டிஸ்சார்ஜ் அன்று நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு தாள் தருவார்கள். நட்சத்திரத்தோடு நிறுத்தாமல் கீழே உள்ள காலி இடத்தில் எது உதவியது, எது குறை என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். துப்புரவுப் பணியாளர்களையும் மறக்க வேண்டாம்; அவர்கள் பெயர் எந்தக் கடிதத்திலும் வருவதில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் பையில் போட்டுவிடாமல் அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். பெயர், வயது, எந்தப் பக்கக் கால், ஒத்துக்கொள்ளாத மருந்து, பழைய மருந்துகளில் எது தொடர வேண்டும், எது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் சரியா என்று பாருங்கள். தப்பு இருந்தால் அப்போதே திருத்தி வாங்குவது சுலபம், ஊருக்குப் போனபின் ஒரு பக்கத்துக்காகப் பஸ் ஏறி வர வேண்டும்.

வீட்டுக்கு வந்தபிறகு புது மாத்திரையால் தடிப்பு, மயக்கம், ரத்தக்கசிவு என்று ஏதாவது தெரிந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். அப்புறம் மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் மத்திய அரசின் இலவச எண் 1800 180 3024-இல் சொல்லுங்கள். நோயாளியின் குடும்பத்தாரும் சொல்லலாம், டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. மருந்தின் பெயர், கம்பெனி, அட்டையில் உள்ள பேட்ச் எண், எத்தனை நாள் சாப்பிட்டார் என்ற விவரங்களைக் கேட்பார்கள். அதனால் மாத்திரை தீர்ந்தாலும் அட்டையைத் தூக்கிப் போடாமல், அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்வரை வைத்திருங்கள்.